ரோமானியக் காசை அடையாளம் காண: முகத்தைக் கடைசியாகப் பாருங்கள்

ரோமானியப் பேரரசின் காசு ஒன்று முதன்முதலாகக் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் அதிலிருக்கும் தலையை உற்றுப் பார்ப்பார்கள். கைபேசியில் நாலு படத்தைத் தேடுவார்கள். "மூக்கைப் பார்த்தால் நீரோ மாதிரி இருக்கிறது" என்று முடிவுகட்டிவிடுவார்கள். அநேகமாகத் தப்பாகத்தான் போகும். அகஸ்டஸ் தொடங்கி மேற்குப் பேரரசு 476இல் முடியும்வரை ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள். பேரரசர்கள், அவர்களுடைய மனைவியர், பட்டத்துக்குக் காத்திருந்த பிள்ளைகள், நடுவில் கிளம்பி அடங்கிப்போன கலகக்காரர்கள் என்று நூற்றுக்கு மேற்பட்ட முகங்கள் காசில் ஏறியிருக்கின்றன. போதாததற்கு, 4ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் ஆளின் சாயலைச் செதுக்கும் வழக்கமே ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அப்பா, மகன், சித்தப்பா மகன் எல்லோருக்கும் ஒரே பெரிய கண், ஒரே நேர் மூக்கு.

அதனால் முகத்தைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். உலோகம், எடை, விட்டம், தலையில் அணிந்திருப்பது, எழுத்து, பின்பக்க உருவம், அடியில் உள்ள குறி என்ற வரிசையில் போனால், முகத்துக்கு வரும்போது இரண்டு மூன்று பேர்தான் மிச்சம் இருப்பார்கள்.

தொடங்குமுன்

0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு, ஒரு வெர்னியர் காலிப்பர், நகைக்கடைக்காரர்கள் கண்ணில் பொருத்திப் பார்க்கும் 10 மடங்கு லென்ஸ், கைபேசியின் டார்ச். இவை போதும். டார்ச்சை மேலிருந்து அடிக்காதீர்கள். மேசையை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் வைத்து, காசை மெல்லத் திருப்புங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் தகடாகத் தெரிந்த இடத்தில், சாய்ந்த வெளிச்சம் எழுத்தின் நிழலைக் காட்டிக்கொடுக்கும்.

தேய்க்க வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கிய கைக்குப் புளி உடனே நினைவுக்கு வரும். எலுமிச்சை, வினிகர், பாத்திரத் தூள் எல்லாம் அதே வகைதான். அமிலம் பட்டால் செம்புக் காசின் மேற்படலம் போய்விடும், அதோடு எழுத்தும் போய்விடும், ஏனென்றால் பழைய செம்பில் அந்த நுண்ணிய வடிவம் பல நேரம் உலோகத்தில் இல்லை, படலத்தில்தான் நிற்கிறது. ஒட்டியிருக்கும் மண்ணைக் காய்ச்சி வடித்த நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் லேசாக நீக்கலாம். அதற்கு மேல் கைவைக்காமல் இருப்பது நல்லது. வழவழப்பான கரும்பச்சைக் களிம்பு காசைக் காக்கிறது. வெளிர்பச்சையில் மாவு போல உதிர்வது வேறு. அது செம்பை அரித்துக்கொண்டே போகும் நோய். அப்படிப்பட்ட காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரம் படாமல் வையுங்கள்.

முதல் படி: உலோகம், எடை, விட்டம்

இந்த மூன்றையும் குறித்துவிட்டாலே காலத்தில் பாதியைத் தாண்டிவிடுவீர்கள்.

தங்கம் என்றால் கேள்வி எளிது. 7 முதல் 8 கிராம் வரை இருந்தால் அவ்ரியஸ். முதல் இரண்டு நூற்றாண்டுகளின் காசு என்று வைத்துக்கொள்ளலாம். அகஸ்டஸ் காலத்தில் 8 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருந்ததை நீரோ 64ஆம் ஆண்டை ஒட்டி 7.3 கிராம் அளவுக்கு இறக்கினார். ஏறக்குறைய 4.5 கிராம் இருந்தால் அது சாலிடஸ். கான்ஸ்டன்டைன் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ரோமானிய பவுண்டுக்கு 72 காசு என்று கொண்டுவந்த புதிய தங்கம் இது.

வெள்ளியில், 17 முதல் 20 மில்லிமீட்டர் விட்டமும் 3 முதல் 3.9 கிராம் எடையும் உள்ளது டெனாரியஸ். 25 டெனாரியஸ் ஓர் அவ்ரியஸ். அகஸ்டஸின் டெனாரியஸ் ஏறக்குறைய முழு வெள்ளி. நீரோ குறைத்தார், பின்னால் வந்தவர்களும் குறைத்தார்கள், செப்டிமியஸ் செவரஸ் காலத்தில் பாதிதான் வெள்ளி. 215இல் கராகல்லா இன்னொரு வெள்ளிக் காசைக் கொண்டுவந்தார். இன்று அதை அன்டோனினியானஸ் என்கிறோம். 5 கிராம், 22 மில்லிமீட்டர். இரண்டு டெனாரியஸ் மதிப்பு என்று சொல்லி, ஒன்றரை டெனாரியஸ் அளவு வெள்ளியை மட்டும் வைத்த அரசாங்க வித்தை. ஐம்பது ஆண்டுக்குள் அதில் வெள்ளி நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே போய், செம்பின் மேல் வெள்ளிப் பூச்சாக முடிந்தது. ஆகவே பழுப்பாக, ஓரம் கிழிந்து, எங்கோ ஒரு மூலையில் வெள்ளி மினுக்கும் 20 மில்லிமீட்டர் காசு வந்தால், "செம்பு" என்று எழுதி மூடிவிடாதீர்கள். 250 முதல் 290 வரையான நெருக்கடிக் காலத்தை அங்கே தேடுங்கள்.

செம்பு, பித்தளைக் காசுகள்தான் அதிகம் கிடைப்பவை, அதிகம் குழப்புபவையும் அவைதான். உள்ளங்கையை நிரப்பும் 30 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட, 20 கிராமைத் தாண்டிய காசு செஸ்டெர்டியஸ். நாலு சேர்ந்தால் ஒரு டெனாரியஸ். அதற்கு அடுத்த அளவில், 25 முதல் 28 மில்லிமீட்டரில், டுபோண்டியஸும் ஆஸும் உண்டு. முன்னது மஞ்சள் பித்தளை, பின்னது சிவந்த செம்பு. களிம்பு ஏறியபின் நிறம் தெரியாது. எப்படிப் பிரிப்பது என்பதை அடுத்த படியில் சொல்கிறேன். இந்தப் பெரிய காசுகளின் பின்பக்கத்தில் பெரும்பாலும் எஸ், சி என்ற இரண்டு பெரிய எழுத்துகள் இருக்கும். செனட்டின் ஆணைப்படி என்பதன் சுருக்கம். மற்றதெல்லாம் தேய்ந்து, இந்த இரண்டு எழுத்து மட்டும் நின்றால்கூட, காசு முதல் மூன்று நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம்.

294ஆம் ஆண்டை ஒட்டி டயோக்ளீஷியன் நாணய முறையையே மாற்றினார். 10 கிராம் எடையில் ஃபாலிஸ் என்று நாம் அழைக்கும் காசு வந்தது. பிறகு அது தேய்ந்துகொண்டே போகிறது: 330இல் 2.5 கிராம், 330களின் நடுவில் ஒன்றரைக் கிராம், 400ஐ நெருங்கும்போது ஒரு கிராமை ஒட்டிய, சுண்டுவிரல் நகத்தளவுக் காசு. இவற்றின் அந்தக் காலப் பெயர்கள் உறுதியில்லாததால், விட்டத்தை வைத்து நாலு வகையாகப் பிரிக்கிறார்கள்: 25 மில்லிமீட்டருக்கு மேல் ஒன்றாம் வகை, 21 முதல் 25 வரை இரண்டாம் வகை, 17 முதல் 21 வரை மூன்றாம் வகை, அதற்குக் கீழே நான்காம் வகை.

இரண்டாம் படி: தலையில் என்ன, தாடையில் என்ன

லாரல் இலை மாலையும் அதன் முடிச்சும் பின்கழுத்தில் தெரிந்தால் 4ஆம் நூற்றாண்டின் முதற்பாதியோ அதற்கு முந்தையதோ என்று கொள்ளலாம். கூரான கதிர்கள் நீட்டிக்கொண்டிருக்கும் முடி என்றால் அது 'இரட்டை மதிப்பு' என்பதன் அடையாளம். பெரிய பித்தளைக் காசில் வந்தால் டுபோண்டியஸ் (நீரோ காலத்திலிருந்து இது பெருவழக்கு), வெள்ளியிலோ வெள்ளி பூசியதிலோ வந்தால் அன்டோனினியானஸ். ஆஸில் கதிர் முடி பொதுவாக இராது. நிறம் பார்க்க முடியாத இடத்தில் இது கைகொடுக்கும். அன்டோனினியானஸில் பெண்கள் வரும்போது கதிருக்குப் பதில் மார்புக்குக் கீழே ஒரு பிறை இருக்கும்.

நெற்றியைச் சுற்றிக் கட்டிய, முத்தோ ரத்தினமோ பதித்த பட்டம் தெரிந்தால், காசு 324க்குப் பிந்தையது. கான்ஸ்டன்டைன் தனியாட்சிக்கு வந்தபின் சூடிக்கொண்ட பட்டம் அது. அவருக்குப் பின் வந்தவர்கள் அதை விடவில்லை.

தாடியும் காலக்கணக்குதான். அகஸ்டஸ் முதல் டிராஜன் வரை பொதுவாக மழித்த முகம். 117இல் அரியணை ஏறிய ஹேட்ரியன் தாடி வளர்த்தார். அது இரண்டு நூற்றாண்டுகள் நின்றது. 3ஆம் நூற்றாண்டுப் படைத்தலைவர்களுக்கு ஒட்ட வெட்டிய, புள்ளிபுள்ளியான தாடி. கான்ஸ்டன்டைன் மறுபடி மழித்தார். பட்டம் கட்டிய தலையோடு நீண்ட தாடியும் சேர்ந்திருந்தால், அது 361 முதல் 363 வரை ஆண்ட ஜூலியனாக இருக்கும் வாய்ப்பு அதிகம். பெரிய காசாக இருந்து பின்னால் ஒரு காளையும் நின்றால் சந்தேகமே வேண்டாம்.

மூன்றாம் படி: எழுத்து

லத்தீன் தெரிய வேண்டியதில்லை. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் தெரிந்தால் போதும். எழுத்துகளை ஒவ்வொன்றாக உச்சரித்தே கீழே எழுதுகிறேன். மூன்று விதிகள். பெரும்பாலும் கீழ் இடப்பக்கம் தொடங்கிக் கடிகாரம் சுற்றும் திசையில் படியுங்கள். 'யு' கிடையாது, அந்த இடத்தில் 'வி'தான். சொற்களுக்கு இடையே இடைவெளியை எதிர்பார்க்காதீர்கள்.

இந்த எழுத்துத்தொடர் நம் சோழர் கல்வெட்டுகளின் மெய்க்கீர்த்தி மாதிரி. பெயர் சிறியது, அதைச் சுற்றிய பட்டங்கள் பெரியவை. பட்டங்களைக் கழித்தால் பெயர் மிஞ்சும். அடிக்கடி வருபவை இவை:

- ஐ-எம்-பி: இம்பெராட்டர், படைத்தலைவர் என்ற நிலையில் பேரரசர்
- சி அல்லது சி-ஏ-இ-எஸ்: சீசர், பின்னாளில் பேரரசர் பட்டத்துக்குக் காத்திருப்பவரின் பட்டம்
- ஏ-வி-ஜி: அகஸ்டஸ், ஆட்சியிலிருக்கும் பேரரசர்
- பி-எம்: தலைமைப் பூசாரி
- டி-ஆர்-பி: டிரிப்யூன் என்ற மக்கள் பிரதிநிதிக்குரிய அதிகாரம், பின்னால் எண் வரும்
- சி-ஓ-எஸ்: கான்சல் என்ற உயர் ஆட்சிப் பதவி; பின்னால் எண் வரும்
- பி-பி: நாட்டின் தந்தை
- டி-என்: 'நம் ஆண்டவர்', 4ஆம் நூற்றாண்டிலிருந்து பெருவழக்கு
- பி-எஃப்: பக்தியும் நற்பேறும் உடையவர், 3ஆம் நூற்றாண்டிலிருந்து பெருவழக்கு
- டி-ஐ-வி-வி-எஸ்: தெய்வமாக்கப்பட்டவர், அதாவது இறந்தபின் அடித்த காசு

இதில் எண்களைக் கவனியுங்கள். டி-ஆர்-பி அதிகாரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டது. ஆகவே அதன் பின்னால் வரும் எண், கல்வெட்டில் 'யாண்டு' என்ற சொல்லுக்குப் பின் வருவது போல, ஆட்சியாண்டைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடும். கான்சல் எண் ஆண்டுதோறும் மாறாது, ஆனாலும் ஒரு வேலி போட்டுத் தரும். டிராஜனின் வெள்ளிக் காசில் சி-ஓ-எஸ் என்பதற்குப் பின் 'வி' (ஐந்து) இருந்தால் 103 முதல் 111 வரை. 'வி'யோடு ஒரு கோடு சேர்ந்து ஆறானால் 112 முதல் 117 வரை. டிராஜன் பெயரே அவர் காசுகளில் பெரும்பாலும் 'டிராயானோ' என்று ஓகாரத்தில் முடியும். நம் நான்காம் வேற்றுமைதான் அது: 'டிராஜனுக்கு' என்று காணிக்கையாக அடித்த காசு. பின்பக்கம் 'மிகச் சிறந்த தலைவனுக்கு' என்று அதே தோரணையில் தொடரும்.

பட்டங்களைக் கழித்தபின் மிஞ்சும் பெயர் எப்போதும் ஒருவரையே குறிக்காது. இராசகேசரி, பரகேசரி என்று மட்டும் எழுதிய கல்வெட்டைப் பார்த்து எந்தச் சோழன் என்று தவிப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். 'அன்டோனினஸ்' என்ற பெயரில் அன்டோனினஸ் பயஸ், மார்க்கஸ் அரேலியஸ், கராகல்லா, எலகபாலஸ் என்று நாலு பேர் நிற்கிறார்கள். புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு: காசில் 'அன்டோனினஸ் பயஸ் ஏ-வி-ஜி' என்று அப்படியே எழுதியிருந்தால் அது அன்டோனினஸ் பயஸ் இல்லை, கராகல்லா. உண்மையான அன்டோனினஸ் பயஸின் காசில் 'அன்டோனினஸ் ஏ-வி-ஜி பயஸ்' என்று ஏ-வி-ஜி முன்னால் வரும். முன்னால் ஐ-எம்-பி சேர்த்து 'அன்டோனினஸ் பயஸ் ஏ-வி-ஜி' என்றிருந்து, முகம் இளமையாக, பின்பக்கத்து வெற்றிடத்தில் ஒரு நட்சத்திரமும் இருந்தால் எலகபாலஸ் பக்கம் திரும்புங்கள். முகத்தைப் பார்க்க வேண்டிய வேளை இதுதான்.

கான்ஸ்டன்டைன் குடும்பம் இதைவிடத் தொல்லை. கான்ஸ்டன்டினுஸ், கான்ஸ்டன்டியுஸ், கான்ஸ்டன்ஸ் என்ற மூன்று பெயர்களுக்கும் முதல் ஏழு எழுத்து ஒன்றே. காசின் விளிம்பு உடைந்து கடைசி எழுத்துகள் போயிருந்தால் பட்டங்களை நாடுங்கள். 'மேக்ஸ்' என்று இருந்தால் மகா கான்ஸ்டன்டைன். 'இளைய' என்பதன் சுருக்கமாக ஐ-வி-என் இருந்தால் அவருடைய மகன் இரண்டாம் கான்ஸ்டன்டைன், சீசராக இருந்தபோது, அதாவது 317க்கும் 337க்கும் இடையில். 'நோப்' என்று தொடங்கும் பட்டம் இருந்தால் அந்த ஆள் இன்னும் பேரரசர் ஆகவில்லை, சீசர் மட்டுமே.

எழுத்து கிரேக்கமாக இருந்தால் நிறுத்துங்கள். அது பேரரசின் மைய நாணயம் அல்ல, கிழக்கு நகரங்களும் அலெக்சாந்திரியாவும் அடித்த மாகாணக் காசு. அதற்குப் பட்டியலே வேறு.

நான்காம் படி: பின்பக்கம்

பின்பக்கம் அக்காலத்துச் செய்தித்தாள், அக்காலத்துச் சுவரொட்டி. பெரும்பாலும் ஒரு பெண் நிற்பாள் அல்லது உட்கார்ந்திருப்பாள். ஏதோ ஒரு நற்பண்பின் உருவம். முகத்தைப் பார்த்துப் பயனில்லை, கையைப் பாருங்கள். சிறகு இருந்தால் விக்டோரியா, வெற்றி. தராசும் வளமைக் கொம்பும் என்றால் ஈக்விடாஸ், நேர்மை (நாணயத் தேவி மொனேட்டாவும் இதே கோலத்தில் வருவாள், பக்கத்து எழுத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்). கப்பலின் சுக்கான் என்றால் ஃபார்ச்சூனா, அதிர்ஷ்டம். ஒலிவக் கிளை என்றால் பாக்ஸ், அமைதி. பாம்புக்குத் தீனி கொடுத்தால் சாலஸ், ஆரோக்கியம். ஒரு கையில் பூவும் மறுகையில் தூக்கிப் பிடித்த பாவாடை நுனியுமாக நடந்தால் ஸ்பெஸ், நம்பிக்கை. கதிர் முடியோடு வலக்கையை உயர்த்தி நிற்கும் ஆண் சூரியன், சோல்.

இவற்றால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது, எல்லாரும் எல்லாவற்றையும் அடித்திருக்கிறார்கள். 4ஆம் நூற்றாண்டின் சிறு செம்புகளில் மட்டும் நிலைமை தலைகீழ். அங்கே முகமும் பெயரும் கைவிட்டாலும் பின்பக்கம் ஆண்டைச் சொல்லிவிடும். ஒரு காலகட்டத்தில் பேரரசு முழுக்க ஒரே உருவத்தை அடித்தார்கள். இரண்டு வீரர்கள், நடுவே இரண்டு கொடிக்கம்பங்கள்: 330 முதல் 335 வரை. அதே வீரர்கள், நடுவே ஒரே கம்பம், காசும் சிறுத்தது: 335க்குப் பிறகு. ஓநாயிடம் பால் குடிக்கும் இரட்டையர், முன்பக்கத்தில் தலைக்கவசம் அணிந்த ரோமா, ரோம் நகரின் தேவி: 330இலிருந்து, கான்ஸ்டான்டிநோபிள் திறப்பை ஒட்டியது. குதிரையிலிருந்து சரிபவனை ஈட்டியால் குத்தும் வீரன்: 348க்குப் பிறகு, மிக அதிகமாகக் கிடைக்கும் வகைகளில் ஒன்று. மாலையை ஏந்தி இடப்பக்கம் நடக்கும் வெற்றித்தேவி, சுற்றிலும் 'குடியரசின் பாதுகாப்பு' என்ற பொருளில் எழுத்து: 364 முதல் 378 வரை, வாலன்டினியனும் வாலன்ஸும். தோளில் வெற்றிச்சின்னம் சுமந்து ஒரு கைதியை இழுத்துச்செல்லும் வெற்றித்தேவி, காசு 13 மில்லிமீட்டர் அளவு: 4ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள், தியோடோசியஸ், ஆர்காடியஸ், ஹொனோரியஸ்.

இந்த ஆறு உருவங்களை மனப்பாடம் செய்துவிட்டால், ஒரு குவியல் சிறு செம்பில் பாதியை எழுத்துப் படிக்காமலே பிரிக்கலாம். அந்தக் காலத்துக் காசை வெறுப்பவர்கள் உண்டு, அழகில்லை என்பார்கள். புதியவர்கள் படித்துப் பழக அதைவிட நல்ல காசு இல்லை என்பது என் கட்சி.

ஐந்தாம் படி: அடிக்குறி

3ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து, பின்பக்கத்தில் உருவம் நிற்கும் கோட்டுக்குக் கீழே நாணயச்சாலையின் சுருக்கக் குறி வரத் தொடங்குகிறது. டி-ஆர் என்றால் ட்ரியர், எஸ்-ஐ-எஸ் என்றால் இன்றைய குரோஷியாவிலுள்ள சிசியா, ஏ-க்யூ என்றால் அக்விலெயா, ஏ-என்-டி என்றால் அந்தியோக்கியா, ஏ-எல்-இ என்றால் அலெக்சாந்திரியா. முன்னால் எஸ்-எம் இருந்தால் 'புனித நாணயம்' என்று பொருள். அதைக் கழித்துவிட்டு ஊரைப் படியுங்கள். எஸ்-எம்-கே என்றால் சிசிகஸ், எஸ்-எம்-என் என்றால் நிக்கோமீடியா, எஸ்-எம்-எச் என்றால் ஹெராக்லியா. மிச்சமிருக்கும் ஓரெழுத்து, அந்தச் சாலையின் எத்தனையாவது பட்டறை என்பதைக் காட்டும். கிழக்கில் பெரும்பாலும் கிரேக்க எண்ணெழுத்து.

ஒரு பொறி: சி-ஓ-என்-எஸ்-டி என்று பார்த்ததும் கான்ஸ்டான்டிநோபிள் என்று எழுதிவிடாதீர்கள். பிரான்சின் ஆர்ல் நகருக்குச் சில காலம் கான்ஸ்டன்டினா என்று பெயர் இருந்தது. முன்னால் பி அல்லது எஸ் சேர்ந்து பி-சி-ஓ-என்-எஸ்-டி என்று வந்தால் அது ஆர்ல். கான்ஸ்டான்டிநோபிளின் குறி சி-ஓ-என்-எஸ் என்று தொடங்கி, பட்டறை எழுத்தோடு முடியும்.

நம் பக்கம் கிடைப்பவை

தமிழ்நாட்டில் பிறந்தவருக்கு இந்தத் துறையில் ஒரு வசதி உண்டு. நம் மண்ணில் கிடைத்த ரோமானிய வெள்ளியில் இரண்டே வகைகள் மற்றவற்றை அமுக்கிவிடுகின்றன. கோயம்புத்தூர் வட்டாரத்துப் புதையல்களிலும் இவைதான் திரும்பத் திரும்ப வரும். அவை தெரிந்தால் போதும்.

முதலாவது அகஸ்டஸ் டெனாரியஸ். பின்பக்கம் இரண்டு இளைஞர்கள் நேராக நிற்பார்கள், நடுவே இரண்டு கேடயங்களும் ஈட்டிகளும். அவருடைய பேரப்பிள்ளைகளும் தத்துப்பிள்ளைகளுமான கயஸ், லூசியஸ். முன்பக்க எழுத்தில் 'நாட்டின் தந்தை' என்ற பட்டம் முழுதாகவே இருக்கும். அந்தப் பட்டம் அவருக்குக் கிடைத்தது கி.மு. 2இல், ஆகவே காசு அதற்கு முந்தியிருக்க முடியாது. இரண்டாவது, கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட டைபீரியஸின் டெனாரியஸ். பின்பக்கம் செங்கோலும் கிளையும் பிடித்து நாற்காலியில் அமர்ந்த பெண். அவருடைய தாய் லிவியா என்பது வழக்கமான விளக்கம். அவளுக்கு இருபுறமும் 'பொன்டிஃப்', 'மாக்ஸிம்' என்று இரண்டே சொற்கள். இரண்டு வகையும் பிரான்சின் லியோன் நகரத்தில் அடித்தவை.

தங்கத்துக்குப் புகழ்பெற்றது 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 அவ்ரியஸ் புதையல். பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள். இப்படி வெட்டுப்பட்டது, துளையிட்டது, பதக்கமாக வளையம் கோத்தது எல்லாம் இந்தியாவில் கிடைக்கும் ரோமானியத் தங்கத்தின் இயல்பு. ஐரோப்பியச் சந்தையில் அதைப் 'பழுது' என்பார்கள். இங்கே அது காசு நம் ஊரில் வாழ்ந்ததற்கான சான்று.

கரூரில் அமராவதி ஆற்று மணலிலும் மதுரையிலும், இலங்கையிலும், கிடைப்பவை வேறு: மேலே சொன்ன நான்காம் நூற்றாண்டுச் சிறு செம்புகள். நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி கரூர், மதுரைக் காசுகளைத் தொகுத்து வெளியிட்டபின்தான் இவை பரவலாகக் கவனம் பெற்றன. இவற்றோடு உள்ளூர்ப் போலச்செய்தல்களும் கலந்திருக்கும். உருவம் ரோமானியம், எழுத்து மட்டும் பொருளற்ற கோடுகள். மோசடி என்று தூக்கி எறியாதீர்கள். அதுவும் பழங்காசுதான், தனி வகை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளிக் காசில் வலப்பக்கம் பார்க்கும் ஒரு தலை, ரோமானியச் சாயல், ஆனால் மேலே தமிழ்-பிராமியில் 'மாக்கோதை' என்று எழுத்து. இது சேரர் காசு, ரோமானியக் காசைப் பார்த்து வந்த வடிவம். லத்தீன் அகராதியைப் புரட்டிப் பயனில்லை.

பட்டியலில் தேடுவது

எடை, விட்டம், தலையணி, படிக்க முடிந்த எழுத்துத் துண்டு, பின்பக்க உருவம், அடிக்குறி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதியபின் பட்டியலுக்குப் போங்கள். ஆய்வாளர்கள் பயன்படுத்தும் அடிப்படைத் தொகுதியின் பெயர் 'ரோமன் இம்பீரியல் காயினேஜ்', சுருக்கமாக ஆர்ஐசி. அதை அடித்தளமாக வைத்து அமெரிக்க நாணயவியல் கழகம் 'ஓக்ரே' என்ற இணையத் தரவகத்தை இலவசமாகத் தருகிறது. அகஸ்டஸ் முதல் 491இல் இறந்த சீனோ வரை அதில் உண்டு. உலோகம், காசு வகை, பின்பக்கத் தெய்வம், நாணயச்சாலை என்று ஒவ்வொன்றாக வடிகட்டலாம். பேரரசர் பெயரை முதலில் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் ஊகம் தப்பாக இருந்தால், சரியான விடை அந்த நிமிடமே வடிகட்டியில் நின்றுவிடும்.

மேலே சொன்ன டைபீரியஸ் காசு இந்த வரிசையில் எப்படி விழுகிறது பாருங்கள். வெள்ளி, 3.7 கிராம், 18 மில்லிமீட்டர்: டெனாரியஸ். லாரல் மாலை, மழித்த முகம்: அநேகமாக ஹேட்ரியனுக்கு முந்தையது. விளிம்பில் 'டி-ஐ சீசர்' மட்டும் படிகிறது. பின்னால் அமர்ந்த பெண், பக்கத்தில் 'மாக்ஸிம்'. இதைக் கொடுத்தால் ஓக்ரேயில் மிஞ்சுவது டைபீரியஸின் சில எண்கள்தான். மிகப் பரவலானது முதல் தொகுதியின் இரண்டாம் பதிப்பில் 30ஆம் எண். நாற்காலிக் காலின் அலங்காரம், அதன் கீழே உள்ள கோடு ஆகியவற்றை வைத்துப் பக்கத்து எண்களிலிருந்து பிரிப்பார்கள். முதல் காசிலேயே அந்த அளவுக்குப் போகத் தேவையில்லை.

போலிகள்

விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய தையல்கோடு ஓடினால், அச்சில் ஊற்றிய நவீன வார்ப்பு. லென்ஸில் மேற்பரப்பில் குண்டூசி முனையளவுக் குமிழ்க்குழிகள் தெரிந்தால் அதே சந்தேகம்தான். எடை வெகுவாகக் கூடியோ குறைந்தோ இருந்தால் மறுபடி நிறுத்துப் பாருங்கள். ஒரே விற்பவரிடம் இரண்டு காசுகள் ஒரே இடத்தில் ஒரே மாதிரி விளிம்பு நெளிந்திருந்தால், விலை கேட்காமலே நகர்ந்துவிடுங்கள். கையால் அடித்த காசில் அப்படி ஒற்றுமை வராது. செம்புக்கு மேல் வெள்ளித்தகடு போர்த்திய டெனாரியஸ் மட்டும் விதிவிலக்கு. அது அந்தக் காலத்துக் கள்ளக்காசு. அதற்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

பெரிய செஸ்டெர்டியஸ் ஒன்று மிகமிக அழகாக, ஒவ்வொரு முடியும் தெரிய இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் பாதுவா நகரத்து ஜொவான்னி தா கவீனோ ரோமானியக் காசுகளின் பாணியில் புதிதாக அச்சு செதுக்கி அடித்தார். அவற்றின் நகல்களின் நகல்கள் இன்றும் சுற்றுகின்றன.

சட்டமும் உறையும்

மண்ணுக்கடியில் கிடைத்தால் அது உங்கள் சேகரிப்பு அல்ல. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இலங்கையில் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் உண்டு. வாங்குவதாக இருந்தால் ரசீதோடு வாங்குங்கள். வாங்காமலே பழக விரும்பினால் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டுப் புதையல்களில் வந்த ரோமானியக் காசுகள் அங்கே உண்டு.

அடையாளம் கண்ட காசை, அதன் எடை, விட்டம், ஆர்ஐசி எண், எங்கே எப்போது கிடைத்தது என்பவற்றை எழுதிய சிறு காகித உறையில் போடுங்கள். கிடைத்த இடத்தை எழுதாமல் விட்டால், பிறகு எந்தப் பட்டியலும் அதைத் திருப்பித் தராது. பளபளவென்று வளையும் பி.வி.சி. பிளாஸ்டிக் உறை மலிவாகக் கிடைக்கும், அதில் போட வேண்டாம். நாளடைவில் பிசுபிசுப்பான பச்சைக் கறை கசிந்து காசில் ஏறும். அமிலமற்ற காகிதமோ, மைலார் உறையோ வாங்கிக்கொள்ளுங்கள்.